பச்சை டிக்கும் நின்றுபோன பென்ஷனும்



நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். குறிப்பாக, தினமும் காலையில் கம்பெனி பஸ் ஏறி அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் என் ஓய்வூதியம் வங்கிக்கு வரவில்லை. இரண்டு நாள் பார்த்தேன். பிறகு ஒரு வாரம் பார்த்தேன். வரவில்லை. 1983-இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது இது தர்மபுரி மாவட்டம். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. தளி, கெலமங்கலம், சூளகிரி ஒன்றியப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக இருந்து 2017-இல் ஓய்வு பெற்றேன். அதுவரை ஒரு மாதம்கூட சம்பளமோ பென்ஷனோ தவறியதில்லை.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "நீங்க நேர்காணல் முடிக்கலையேம்மா" என்றார்கள்.

நான் முடித்தேன். மே மாதமே ஒரு தனியார் சேவை மையத்துக்குப் போய் முடித்தேன். செல்போனுக்கு ஓடிபி வந்தது, சொன்னேன். கருவியில் விரல் வைத்தேன். ஏறவில்லை. மையத்துத் தம்பி "வேற விரல் வைங்கம்மா" என்றார். மூன்று விரல் மாற்றி வைத்தேன். அவர் எதையோ அழுத்தினார், திரையில் பெரிய பச்சை டிக் வந்தது. "சரிபார்ப்பு வெற்றி" என்று ஒரு சீட்டும் அச்சடித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டை பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

அங்கிருந்த அலுவலர் நல்லவர். கணினியில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க செல்போன் நம்பர் மட்டும்தான் சரி பார்த்திருக்கும்மா. கைரேகை ஏறவே இல்ல. இந்தச் சீட்டு ஓடிபிக்கு வந்த சீட்டு."

அதாவது முதல் படி முடிந்ததற்கு வந்த டிக்கை, எல்லாம் முடிந்ததற்கான டிக் என்று அந்த மையத்து நிரல் காட்டியிருக்கிறது. அந்தத் தம்பியும் நம்பினார், நானும் நம்பினேன். இரண்டு மாதம் பென்ஷன் நின்றது.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் மருமகள் மென்பொருள் வேலை பார்ப்பவள். அவள் செய்வதே இதுதானாம்: ஆட்களை அடையாளம் சரிபார்த்து உள்ளே விடுகிற நிரல்களுக்கான லைப்ரரி எழுதுவது. லைப்ரரி என்றால் நூலகம் இல்லை. ஒருவர் எழுதி வைத்த நிரலைப் பலரும் எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்வது. நமக்குக் கோனார் நோட்ஸ் மாதிரி. அதில் ஒரு பிழை இருந்தால் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் அதே பிழையைத்தான் எழுதுவார்கள்.

"அவங்க நிரலை நான் பார்க்கல அத்தை. ஆனா எப்படி எழுதியிருப்பாங்கன்னு ஊகிக்க முடியுது" என்று சொல்லி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்.

மூன்று சோதனைகள். ஒன்று, செல்போன் சரி. இரண்டு, விரல்ரேகை சரி. மூன்று, ஓய்வூதிய எண்ணோடு பொருந்தியது. சாதாரணமாக எழுதுபவர்கள் இதற்கு மூன்று கட்டங்கள் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் 'ஆம்' அல்லது 'இல்லை'. நான் கணக்கு நடத்தியவள், கேட்டதும் கை தானாகப் போட்டது: 2 x 2 x 2, எட்டு விதம். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய சோதனைகளில் நிஜத்தில் எத்தனை விதம் இருக்க முடியும்? ஒன்றும் முடியவில்லை, முதலாவது முடிந்தது, இரண்டு முடிந்தன, மூன்றும் முடிந்தன. நான்குதான். மீதி நான்கும் நடக்கக் கூடாதவை. செல்போனே சரிபார்க்காமல் ரேகை சரி என்பது, ரேகை ஏறாமலே எண் பொருந்திவிட்டது என்பது போன்றவை. சோதனை நான்கானால் 16 விதம், அதில் 5-தான் சரி. ஐந்தானால் 32 விதம், அதில் 6-தான் சரி. மற்ற 26-உம் பிழை நுழைவதற்கான வாசல்கள்.

"எழுதுறவங்க எல்லா இடத்துலயும் இந்த மூணு கட்டத்தையும் மறக்காம பார்க்கணும் அத்தை. நூறு இடத்துல பார்த்துட்டு நூத்தியோராவது இடத்துல மறந்தா போச்சு. உங்க சீட்டை அச்சடிக்கிற இடத்துல முதல் கட்டத்தை மட்டும் பார்த்திருப்பாங்க."

"சரி, நீ எப்படி எழுதுவாய்?" என்று கேட்டேன்.

அவள் கட்டமே வைப்பதில்லையாம். ஒவ்வொரு நிலையையும் தனித்தனி டைப்பாக, அதாவது தனி வகைப் பொருளாகவே வைத்துவிடுகிறாள். 'யாரென்று தெரியாதவர்' ஒரு வகை. 'செல்போன் உறுதியானவர்' வேறு வகை. 'ரேகை உறுதியானவர்' மூன்றாவது வகை. 'முழுதும் உறுதியானவர்' நான்காவது. ஒரு வகையிலிருந்து அடுத்த வகைக்குப் போக ஒரே ஒரு வழிதான்; அந்தச் சோதனையை நடத்துகிற லைப்ரரிக்குள் இருக்கும் ஒரு செயல்பாடு. வெளியே இருப்பவர் 'முழுதும் உறுதியானவர்' என்ற பொருளைத் தானாக உருவாக்கிக்கொள்ள முடியாது. சீட்டு அச்சடிக்கும் பகுதி நான்காவது வகையை மட்டுமே வாங்கும். அவசரத்தில் யாராவது முதல் நிலை ஆளை அங்கே அனுப்புவதுபோல எழுதினால், நிரல் ஓடுவதற்கு முன்பே, கணினி மொழிக்கு மாற்றிக் கொடுக்கிற கம்பைலர் "இது அந்த வகை இல்லை" என்று சொல்லி நின்றுவிடும். அந்தப் பிழை மக்கள் கைக்கு வந்து சேரவே சேராது.

இதைக் கேட்டதும் எனக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. பரீட்சை விண்ணப்பம் வேறு தாள், ஹால் டிக்கெட் வேறு தாள், மதிப்பெண் சான்றிதழ் வேறு, மாற்றுச் சான்றிதழ் வேறு. நிறம் வேறு, அளவு வேறு, கொடுப்பவர் வேறு. ஹால் டிக்கெட்டைக் காட்டி யாரும் கல்லூரியில் சேர முடியாது. ஒரே தாளைக் கொடுத்து, ஓரத்தில் டிக் மட்டும் மாற்றிக்கொண்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆசிரியர்களாகிய நாம் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. காகிதத்தில் ஒழுங்காக இருந்த ஒன்றைக் கணினிக்குப் போகும்போது ஏன் தொலைத்தோம் என்பதுதான் என் கேள்வி.

ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். அவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் 30 வருஷம் இருந்தவர். "இது போக்கா யோக்கே தானே! இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்றார்.

ஓசூர்க்காரர்களுக்கு இந்த வார்த்தை புதிதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பானில் 1960-களில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் பரப்பிய முறை. ஒரு பாகத்தைத் தப்பாக மாட்டக்கூடாது என்று தொழிலாளியிடம் பத்து முறை சொல்வதைவிட, தப்பாக மாட்டவே முடியாதபடி அச்சை அமைத்துவிடு. உங்கள் செல்போன் சிம் கார்டின் ஒரு மூலை வெட்டியிருக்கிறதே, அதுதான். திருப்பிப் போட்டால் உட்காராது. முதலில் இதற்கு 'பாக்கா யோக்கே' என்று பெயர்; 'முட்டாள் தடுப்பு' என்று பொருள். ஒரு பெண் தொழிலாளி "நான் என்ன முட்டாளா?" என்று மனம் வருந்தியதால் 'தவறுத் தடுப்பு' என்று பொருள்படும்படி மாற்றினார்களாம். எனக்கு அந்த மாற்றம் மிகவும் பிடித்தது. தவறு எல்லோருக்கும் வரும். சேவை மையத்துத் தம்பியை நான் திட்டவில்லை. அந்த நிரலை எழுதிய பிள்ளையும் மக்காக இருக்க மாட்டான். தவறு நுழைய இடம் கொடுத்த அமைப்பைத்தான் குறை சொல்கிறேன்.

"ஒரு சின்ன ஆபீஸ் நிரலுக்கு இவ்வளவா?" என்று நினைப்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கு மருமகள் சொன்ன கதை உலகறிந்தது. 2018 அக்டோபரில் வெளிவந்தது.

தூரத்தில் இருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய எஸ்.எஸ்.எச். என்று ஒரு முறை இருக்கிறது. அதை நிரல்களில் சேர்க்க 'லிப்எஸ்எஸ்எச்' என்று ஒரு லைப்ரரி. நுழைய விரும்புகிறவரின் கணினியும் சர்வரும் எண்ணிட்ட செய்திகளால் பேசிக்கொள்ளும். 50 என்றால் "என்னைச் சோதித்துப் பார்" என்று வருபவர் கேட்பது. 51 என்றால் "தேறவில்லை" என்று சர்வர் சொல்வது. 52 என்றால் "தேறிவிட்டாய், உள்ளே வா" என்று சர்வர் சொல்வது. நடந்தது என்ன தெரியுமா? வருகிறவரே 50-க்குப் பதிலாக 52-ஐ அனுப்பினால், சர்வர் அதை ஏற்றுக்கொண்டு உள்ளே விட்டுவிட்டது! பாஸ்வேர்டும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

பரீட்சை எழுத வந்த பையன், தாளை வாங்காமலே கண்காணிப்பாளரிடம் "நான் பாஸ்" என்று சொல்கிறான். அவரும் "அப்படியா, சரி" என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். அதேதான்.

2014-இல் வந்த 0.6 பதிப்பிலிருந்தே அந்த ஓட்டை இருந்திருக்கிறது. சர்வராக அந்த லைப்ரரியைப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் ஆபத்து. நான்கு வருஷத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. என்.சி.சி. குரூப் என்ற நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் வின்டர்-ஸ்மித் கண்டுபிடித்துச் சொன்னார், 0.8.4, 0.7.6 பதிப்புகளில் சரிசெய்தார்கள். எழுதியவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் வருபவர் சொல்லக்கூடிய செய்திகள் எவை, சர்வர் மட்டுமே சொல்லக்கூடிய செய்திகள் எவை, எந்த நிலையில் எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் நிரலின் அமைப்பிலேயே பிரிந்து நிற்கவில்லை. இரண்டு தரப்பின் செய்திகளையும் ஒரே இடத்தில் கையாண்டதால் வந்த வினை. வருபவரின் செய்தி ஒரு வகை, சர்வரின் செய்தி வேறு வகை என்று டைப்பிலேயே பிரித்திருந்தால், வாசலில் 52-க்கு இடமே இருந்திருக்காது.

இந்த யோசனை புதியதும் இல்லை. 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னர் உருவாக்கிய எம்.எல். என்ற மொழியிலேயே இதற்கான அடித்தளம் இருக்கிறது. அதன் வழிவந்த ஓகேமல், ஹாஸ்கல், இன்றைய ரஸ்ட் வரை எல்லாவற்றிலும் இப்படி எழுதலாம். நடக்கக் கூடாத நிலையை எழுதவே முடியாதபடி வகைகளை அமை என்பது அந்த வட்டாரத்தில் பெரியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் பாடமாம். ஜாவா, கோட்லின், டைப்ஸ்கிரிப்ட் எழுதும் பிள்ளைகளும் பெருமளவு இதைச் செய்யலாம் என்கிறாள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மருமகளின் அலுவலகத்திலேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. "ஒரு ஆம்-இல்லை போதாதா? நாலு டைப் எழுத வேண்டுமா? புதிதாக வருகிற பையனுக்குப் புரியாது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்" என்பார்களாம். நேரம் கூடத்தான் ஆகும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் ஏசி அறையில் அரை நாள் கொடுக்காவிட்டால், அந்த அரை நாளை ஆயிரம் பேர் ஆளுக்கு இரண்டு மாதமாக வரிசையில் நின்று கொடுப்பார்கள்.

இன்னொன்று, வகை பிரித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது. என் ஓடிபியை ஒரு மோசடிக்காரன் இனிக்கப் பேசி வாங்கிவிட்டால், நிரல் அவனையும் 'செல்போன் உறுதியானவர்' என்றுதான் சொல்லும். டைப்புக்கு ஆள் முகம் தெரியாது. எந்தச் சோதனை முடிந்தது என்பதைத்தான் அது பொய்யில்லாமல் சொல்லும். அதனால்தான் பெயரே முக்கியம். 'உறுதியானவர்' என்று மொட்டையாக வைக்காமல் 'செல்போன் உறுதியானவர்' என்று வைத்தால், படிக்கிறவருக்கு அது எவ்வளவு தூரம் உறுதி என்று தெரியும். என் சீட்டில் "சரிபார்ப்பு வெற்றி" என்பதற்குப் பதில் "செல்போன் எண் சரி, கைரேகை பாக்கி" என்று இருந்திருந்தால் அன்றைக்கே இன்னொரு முறை முயன்றிருப்பேன். இரண்டு மாதம் போயிருக்காது.

இனி நான் இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று அலுவலக வராந்தாவில் என் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அஞ்செட்டிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர். எனக்குப் பென்ஷன் நின்றால் மகன் இருக்கிறான், கணவர் இருக்கிறார். அவருக்கு அந்தப் பணம்தான் அரிசி, அந்தப் பணம்தான் மாத்திரை. அவருக்கு எந்த விரலும் ஏறவில்லை. சேவை மையத்தில் "மெஷின் நீங்க இல்லன்னு சொல்லுது பாட்டி" என்று அனுப்பிவிட்டார்களாம்.

கன்னடம் கலந்த தமிழில் என்னிடம் கேட்டார்: "நான் நானில்லேன்னா, மத்த யாரு டீச்சரம்மா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலை மருமகளிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

அவள் சொன்னது: சோதனையின் முடிவு இரண்டு இல்லை, குறைந்தது மூன்று. 'பொருந்தியது' ஒன்று. 'பொருந்தவில்லை' ஒன்று. 'படிக்க முடியவில்லை' ஒன்று. மூன்றையும் ஒரே டைப்பின் மூன்று கிளைகளாக எழுதினால், ஒரு கிளைக்கு என்ன செய்வதென்று எழுதாமல் விட்டாலும் இந்த மொழிகளின் கம்பைலர் "இதற்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கும். ஆம்-இல்லை என்று சுருக்கி எழுதுபவர், படிக்க முடியாததையும் 'இல்லை'யில் கொட்டிவிடுகிறார். கருவிக்குத் தெரியாதது, ஆள் பொய் சொன்னதாக மாறிவிடுகிறது.

ஆதார் அமைப்பே இதை ஓரளவு பிரித்துத்தான் வைத்திருக்கிறது. கேட்கும் நிரலுக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். இல்லை என்றால் காரணத்தைக் காட்டும் எண் ஒன்றும் கூடவே வரும். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் அந்த ஆளே தன் ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார். 400 என்றால் ஓடிபி தவறு. ரேகை கைகொடுக்காதபோது மாற்று வழி வைத்திருக்க வேண்டும் என்று ஆதார் உறுதிப்படுத்தல் விதிமுறைகளும் சொல்கின்றன. அந்த எண்ணை வாங்கி, தகுந்த கிளைக்கு அனுப்பி, "கண் வழியாகவோ முகம் வழியாகவோ முயலுங்கள், இல்லையேல் நேரில் அதிகாரியைப் பாருங்கள்" என்று காட்ட வேண்டியது கடைசியில் திரை எழுதும் நிரலரின் வேலை. அவர் எல்லா எண்ணையும் ஒரே சிவப்புக் கட்டத்தில் போட்டு "தோல்வி" என்று எழுதினால், அஞ்செட்டிப் பாட்டிக்கு அந்தத் தோல்விதான் போய்ச் சேரும்.

நம் மாவட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிரானைட் அறுக்கிற கைகள். மாங்கூழ் ஆலையில் பருவம் முழுக்கப் பழம் உரிக்கிற கைகள். ரோஜாத் தோட்டத்தில் முள் குத்திய கைகள். என்னைப்போல் 34 வருஷம் சாக்பீஸ் பிடித்த கைகள். உழைத்ததால் தேய்ந்த ரேகை இங்கே சாதாரணம். 2020 அக்டோபரிலிருந்து ரேஷன் கடையிலும் விரல் வைக்கிறோம். 'படிக்க முடியவில்லை' என்ற கிளை நமக்கு எப்போதாவது வருவதில்லை, தினம் வருவது.

ஆகவே என் மாணவப் பிள்ளைகளே, உங்களிடம் மூன்று விண்ணப்பம்.

ஒன்று: ஆளைச் சோதிக்கும் நிரல் எழுதினால், ஒவ்வொரு படிக்கும் ஒரு வகை வையுங்கள், அதற்கு உண்மையான பெயர் வையுங்கள்.

இரண்டு: 'தெரியவில்லை' என்பதை 'இல்லை' ஆக்காதீர்கள்.

மூன்று: திரையில் பச்சை காட்டும் முன், அந்தப் பச்சை எந்தப் படிக்கு என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். இந்த எல்லைப் பகுதியில் தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட எழுதினால் புண்ணியம்.

என்னைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிக்கைப் பார்த்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். "தம்பி, இது எந்தப் படிக்கு? இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். வகுப்பில் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தவர்கள்தானே நாம்.

என் பென்ஷன் அக்டோபரில் நிலுவையோடு வந்துவிட்டது. நேரில் போனபோது அதிகாரி முகத்தைப் பார்த்து, ஆவணங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிஷ வேலை. பாட்டியையும் அவரிடம்தான் அழைத்துப் போனேன். அவருக்கும் முடிந்தது. அடுத்த முறை அவர் மறுபடி இரண்டு பஸ் மாறி வர வேண்டியிராமல் செய்ய உங்களில் யாராலாவது முடியும் என்றால், எனக்கு எழுதுங்கள். மருமகளிடம் சொல்லி உங்களோடு பேச வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், ஓசூர்.